இந்திய அண்டர்-17, அண்டர்-20 கால்பந்து அணிகளின் சர்வதேச வரலாறு: ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி சரிபார்த்துச் சொல்லுங்க

மேலூர்_வலதுவிங் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் செவன்ஸ் (ஏழு பேர் கால்பந்து) டோர்னமெண்டுக்கு மேலூர்ல மைதானத்து ஓரமா பத்துக்கு ஆறு அடியில ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். வழக்கமான கட்அவுட் இல்ல. இந்திய ஜூனியர் அணிகள் வெளிநாட்டு அணிகளோட மோதுன வரலாறு, பசங்க படிக்கிற மாதிரி. நெட்டுல எடுத்த தகவல் ஒண்ணுக்கொண்ணு முட்டுது.

1974-ல இந்தியா ஆசிய யூத் சாம்பியன்னு ஒரு இடத்துல இருக்கு, ஈரான் சாம்பியன்னு இன்னொரு இடத்துல இருக்கு. எது சரி? சாம்பியன்னா உலகக் கோப்பைக்கு ஏன் போகல? 2017 தவிர வேற உலகக் கோப்பை ஆடியிருக்கோமா? அர்ஜென்டினாவை ஜெயிச்சது எந்தப் போட்டி? சாஃப் (தெற்காசிய) கோப்பைகளையும் சேர்த்து "இத்தனை பட்டம்"னு போடலாமா?

இன்னொண்ணு. ஃப்ளெக்ஸைப் பாத்துட்டு "நாங்க அந்த டீமுக்கு எப்படிப் போறது?"னு பசங்க நிச்சயம் கேப்பாங்க. அதுக்கும் ரெண்டு வரி வேணும். பிரிண்டிங்காரர் வியாழக்கிழமைக்குள்ள ஃபைல் கேக்குறார்.

---

பழங்காநத்தம்_ஸ்டாப்பர்

தம்பி, 1974-ல ரெண்டுமே சரி. பாங்காக்கில் நடந்த ஆசிய யூத் சாம்பியன்ஷிப் ஃபைனல், இந்தியா 2 ஈரான் 2. பட்டத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஷபீர் அலி கேப்டன், அருண் கோஷ் கோச். அந்தக் காலத்தில் அது அதிசயமில்லை. 1961-லும் பர்மாவும் இந்தோனேசியாவும் இதே கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஆகவே "கூட்டு சாம்பியன்" என்றே போடுங்கள். வெறும் "சாம்பியன்" என்று போட்டால் விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவார்.

உலகக் கோப்பைக்கு ஏன் போகவில்லை? போவதற்கு அப்போது உலகக் கோப்பையே கிடையாது. ஃபிஃபாவின் உலக யூத் போட்டி முதன்முதலாக நடந்தது 1977-ல், துனிசியாவில். சோவியத் யூனியன் ஜெயித்தது. சின்ன வயதுப் பிரிவு இன்னும் தாமதம். 1985-ல் சீனாவில் அண்டர்-16 ஆக ஆரம்பித்து, 1991-லிருந்துதான் அண்டர்-17 ஆனது. நம்ம பையன்கள் கோப்பையைத் தூக்கியபோது அதற்கு மேலே ஏறப் படியே கட்டியிருக்கவில்லை. மூணு வருஷம் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதே போட்டியின் பெயர் பல தடவை மாறியிருக்கிறது. ஆசிய யூத் சாம்பியன்ஷிப், பிறகு அண்டர்-19 சாம்பியன்ஷிப், இப்போது அண்டர்-20 ஆசியக் கோப்பை. மூன்றும் ஒரே வரிசை. பாதி இணையதளங்களில் தனித்தனிப் போட்டியாக எண்ணி வைத்திருப்பதால்தான் உங்களுக்குக் கணக்கு முட்டுகிறது. கீழ்ப் பிரிவிலும் அதே கதை. ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) அண்டர்-16 என்று 2018 வரை இருந்தது, 2023-லிருந்து அண்டர்-17 ஆசியக் கோப்பை. முன்பு ஆசியப் போட்டி உலகக் கோப்பைக்கு முந்தின வருஷம் நடக்கும், அதனால் ஒரு வயது குறைவு. இப்போது இரண்டும் ஒரே வருஷம்.

அண்டர்-20 பக்கம் பெரிசாக எழுத ஒன்றுமில்லை. ஆசிய இறுதிச் சுற்றில் கடைசியாக ஆடியது 2006-ல், அதுவும் போட்டி இந்தியாவில் நடந்ததால். அதற்குப் பிறகு தகுதிச் சுற்றோடு சரி. கடைசியாக 2024-ல் லாவோஸ் போய் மங்கோலியாவை 4-1, லாவோஸை 2-0 என்று ஜெயித்தும், ஈரானிடம் 0-1 தோற்றதில் கதவு அடைத்துக்கொண்டது. அந்த ஒரே கோல்தான் வித்தியாசம்.

---

அரசரடி_ஹாஃப்டைம்

2017 பத்தி நான் சொல்றேன். ஆண்கள் பிரிவுல எந்த வயசுலயும் இந்தியா ஆடுன ஒரே ஃபிஃபா உலகக் கோப்பை அதுதான். அங்க போனது போட்டியை நடத்துன நாடுங்கிற இடத்துல. தகுதிச் சுற்று ஜெயிச்சு இல்ல. இந்த வித்தியாசத்தை ஃப்ளெக்ஸ்ல மறைச்சிராதீங்க.

மூணு மேட்சும் டெல்லியில. அக்டோபர் 6 அமெரிக்கா 0-3, 9-ந் தேதி கொலம்பியா 1-2, 12-ந் தேதி கானா 0-4. கேப்டன் அமர்ஜித் சிங், கீப்பர் தீரஜ் சிங், கோச் போர்ச்சுகல்காரர் லூயிஸ் நார்ட்டன் டி மாடோஸ். அதுக்கு முன்னாடி இருந்த ஜெர்மன்காரர் நிக்கோலாய் ஆடம் போனதும் இவர் பொறுப்பேத்தது 2017 மார்ச்ல. கையில ஏழு மாசம். சிஸ்டத்தை மாத்த நேரமில்ல, இருக்கறதை வச்சு பின்னாடி அடைச்சு ஆடுனாங்க.

ஸ்கோரை மட்டும் போட்டா பசங்களுக்கு ஒண்ணும் புரியாது. கோல் விழுந்த நிமிஷத்தைப் போடுங்க. அமெரிக்காவோட மூணாவது கோல் 84. கொலம்பியாவோட ரெண்டாவது 83. கானாவோட கடைசி ரெண்டு 86, 87. மொத்தம் வாங்குன 9 கோல்ல 4 கோல் எண்பதாவது நிமிஷத்துக்குப் பிறகு. உடம்பு ஓய்ஞ்ச நேரம்னு மட்டும் சொல்லி விட்டுர முடியாது. அமெரிக்கா மேட்ச்ல அன்வர் அலி அடிச்ச பந்து கிராஸ்பார்ல பட்டுத் திரும்புச்சு. அதே வேகத்துல அவங்க எதிர்த்தாக்குதல் போய் கோல். நம்ம ஆள் முக்காவாசிப் பேர் அவங்க பாக்ஸ் பக்கமே நிக்கிறாங்க.

கொலம்பியா மேட்ச் இன்னும் கொடுமை. முதல் பாதி கடைசியில ராகுல் அடிச்ச ஷாட் போஸ்ட்ல மோதிப் போச்சு. 49-ல பெனலோசா அடிச்சு 0-1. 82-வது நிமிஷம் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர், ஜீக்சன் சிங் எல்லாருக்கும் மேல எம்பி ஹெடர். ஃபிஃபா உலகக் கோப்பையில இந்தியா அடிச்ச முதல் கோல். ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்குது. நடுக்கோட்டுல இருந்து பந்தை ஆட்டத்துக்கு விட்டு ஒரு நிமிஷம் ஆகல, அதே பெனலோசா திரும்பவும் அடிச்சார், 1-2. கோல் அடிச்சதும் ஓடிப்போய்க் கொண்டாடிட்டுத் திரும்பி வரும்போது பின்வரிசை ஒரு கோட்டுல நிக்கணும், நடு ஆட்டக்காரர் ரெண்டு பேர் அதுக்கு முன்னாடி நிக்கணும். அது ரெண்டும் அமையறதுக்குள்ள பந்து உள்ள வந்துருச்சு. உங்க செவன்ஸ்லயே பாருங்க, கோல் அடிச்ச டீம் அடுத்த நிமிஷமே வாங்குறது வாராவாரம் நடக்கும். காரணம் இதேதான்.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்டாலின்னு பேரைப் பாத்ததும் நம்ம ஊர்ப் பையன்னு போட்டுறாதீங்க, அவர் பெங்களூரு. அந்த 21 பேர்ல 8 பேர் மணிப்பூர். தமிழ்நாடு பூஜ்யம்.

---

வைகை_வடகரை

ஸ்டாப்பர் அண்ணன் சொன்னதோட ஒரு விஷயம் சேக்கணும். எத்தனை கோப்பைங்கிறதை விட, அந்தக் கோப்பை எந்தக் கதவைத் திறக்குதுங்கிறதைப் பாக்கணும்.

சாஃப் போட்டியை எடுத்துக்குங்க. அண்டர்-15, 16, 17-னு வருஷத்துக்கு வருஷம் வயசு மாறும், வரிசை ஒண்ணுதான். 2019 கல்யாணியில நேபாளத்தை 7-0, 2022 கொழும்புல நேபாளத்தை 4-0, 2023-லயும் 2024-லயும் பூட்டான்ல வங்கதேசத்தை 2-0, 2025 கொழும்புல திரும்ப வங்கதேசத்தை 2-2 டிரா ஆகி பெனால்டியில 4-1. எல்லாம் ஃபைனல் ஸ்கோர். பெருமைதான். ஆனா இதுல எதை ஜெயிச்சாலும் ஆசியக் கோப்பைக்கோ உலகக் கோப்பைக்கோ ஒரு இடம்கூட கிடைக்காது. தனிக் கட்டத்துல போடுங்க. 1974-ஓட ஒரே பட்டியல்ல கலந்தா கணக்கு கெட்டுப்போகும்.

அர்ஜென்டினா மேட்ச் 2018 ஆகஸ்ட், ஸ்பெயின் வாலென்சியா பக்கம் லாலக்குடியாவுல நடக்குற கோட்டிஃப் கோப்பை. அண்டர்-20. நாலாவது நிமிஷம் தீபக் டாங்ரி ஹெடர், 68-ல அன்வர் அலி ஃப்ரீகிக், 2-1. ரெண்டாம் பாதி தொடங்கின கொஞ்ச நேரத்துலயே அனிகேத் ஜாதவ் ரெட் கார்டு வாங்கிட்டதால மீதி நேரம் பத்துப் பேரோட ஆடுனாங்க. கோச் ஃப்ளாய்ட் பின்டோ. எதிர் பெஞ்சுல நின்னவர் லியோனல் ஸ்கலோனி, நாலு வருஷம் கழிச்சு கத்தார்ல மெஸ்ஸியோட கோப்பையைத் தூக்குனாரே, அவரேதான். தோத்த அர்ஜென்டினாதான் கடைசியில அந்தக் கோட்டிஃப் கோப்பையை ஜெயிச்சது. ஆனா இது அழைப்பின் பேரில் நடக்குற போட்டி. ஃபிஃபா போட்டி இல்ல. அதே தொடர்ல முர்சியாகிட்ட 0-2, மௌரிட்டானியாகிட்ட 0-3 தோத்ததையும் யாரும் ஃப்ளெக்ஸ் போடுறதில்ல.

என்னைக் கேட்டா, 1974-க்குப் பிறகு உருப்படியான சாதனை எதுன்னா 2018 மலேசியா அண்டர்-16 தான். பிபியானோ ஃபெர்னாண்டஸ் கோச். வியட்நாமை 1-0, விக்ரம் பிரதாப் சிங் பெனால்டி. ஈரானோட 0-0, இந்தோனேசியாவோட 0-0. குரூப் முழுக்க ஒரு கோல் வாங்கல. கீப்பர் நீரஜ் குமார் மதில் மாதிரி நின்னார். கால் இறுதியில தென்கொரியா, 68-வது நிமிஷத்துல ஒரே கோல், 0-1. நாலு மேட்ச்ல அடிச்சது ஒண்ணு, வாங்குனது ஒண்ணு. அன்னைக்கு ஜெயிச்சிருந்தா 2019 பிரேசில் உலகக் கோப்பை. ஏன்னா அப்ப ஆசியாவுக்கு இடம் நாலு, அரை இறுதிக்குப் போகணும்.

இப்ப கதவு அகலமாயிருச்சு. 2025-லேர்ந்து அண்டர்-17 உலகக் கோப்பை 48 அணி, வருஷா வருஷம் கத்தார்ல. ஆசியக் கோப்பையில கால் இறுதிக்கு வந்தாலே உலகக் கோப்பை டிக்கெட். 2018-ல தோத்துப் போன அதே இடத்துக்கு இன்னைக்கு வந்தா உள்ள.

அதனால 2025 நவம்பர் 30-ஐக் கட்டாயம் போடுங்க. அகமதாபாத்ல தகுதிச் சுற்றுக் கடைசி மேட்ச். குரூப்ல முதல் இடம் வந்தா மட்டும்தான் தகுதி. பாலஸ்தீனத்தோட 1-1, சீன தைபேயை 3-1, லெபனான்கிட்ட 0-2 தோல்வின்னு இந்தியா கையில 4 பாயிண்ட், ஈரான் கையில 7. ஈரானுக்கு டிரா போதும். 19-வது நிமிஷத்துலயே அவங்க அடிச்சுட்டாங்க. முதல் பாதி முடியுற கூடுதல் நேரத்துல கேப்டன் டல்லால்முவான் காங்டே பெனால்டி, 52-ல குன்லெய்பா. 2-1. ரெண்டு பேரும் 7 பாயிண்ட், நேருக்கு நேர் மோதுனதுல ஜெயிச்சதால இந்தியா முதல் இடம். இதுலயும் கோச் பிபியானோதான். ஆசியக் கோப்பை 2026 மே மாசம் சவூதியில.

ஒண்ணு விட்டுட்டேன். 2023 தாய்லாந்து ஆசியக் கோப்பை. வியட்நாம் 1-1, உஸ்பெகிஸ்தான் 0-1, ஜப்பான் 4-8. எழுத்துப் பிழை இல்ல, நாலுக்கு எட்டுதான். 2018 அணி கோல் வாங்காது, அடிக்காது. 2023 அணி ரெண்டையும் தாராளமா செஞ்சுச்சு.

---

தெப்பக்குளம்_கீப்பர்

ஆண்கள் பிரிவோட எல்லாரும் நிறுத்திட்டீங்க. "2017 தவிர வேற உலகக் கோப்பை ஆடியிருக்கோமா?"ன்னு கேட்டார்ல? ஆடியிருக்கோம். 2022 அக்டோபர், அண்டர்-17 பெண்கள் உலகக் கோப்பை, இந்தியாவுல. நம்ம குரூப் மேட்ச் எல்லாம் புவனேஸ்வர். அமெரிக்கா 0-8, மொராக்கோ 0-3, பிரேசில் 0-5. கேப்டன் அஸ்தம் ஓரான், கோச் ஸ்வீடன்காரர் தாமஸ் டென்னர்பி.

16 கோல் வாங்குச்சுன்னு சிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். 2020-ல நடக்க வேண்டிய போட்டி, கொரோனாவால தள்ளிப்போய் கடைசியில ரத்தே ஆச்சு. அந்த அணிக்குத் தயாரான புள்ளைங்க வயசு தாண்டிருச்சு. 2022-க்கு வேற செட் எடுத்து ஆரம்பத்துலேர்ந்து கட்டுனாங்க. அதுக்கும் மேல, வெளியாள் தலையீடுன்னு சொல்லி ஃபிஃபா 2022 ஆகஸ்ட் 15-ல ஏஐஎஃப்எஃப்-ஐ (இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சஸ்பெண்ட் பண்ணி, 26-ந் தேதிதான் எடுத்துச்சு. போட்டிக்கு ரெண்டு மாசம்கூட இல்லாத நேரத்துல, போட்டி இங்க நடக்குமான்னே தெரியாம கேம்ப்ல உக்காந்திருந்தாங்க.

2025-தான் பெண்கள் பிரிவுக்கு நல்ல வருஷம். ஆகஸ்ட்ல யாங்கூன்ல அண்டர்-20: இந்தோனேசியா 0-0, துர்க்மெனிஸ்தான் 7-0, போட்டி நடத்துன மியான்மரை அவங்க மண்ணுலயே 1-0. இருபது வருஷத்துக்குப் பிறகு ஆசியக் கோப்பை. அக்டோபர்ல பிஷ்கெக்ல அண்டர்-17 உஸ்பெகிஸ்தானை 2-1 ஜெயிச்சு தகுதி. தகுதிச் சுற்று ஆடி இந்த வயசுப் பிரிவுல உள்ள போறது இதுதான் முதல் தடவை. ரெண்டு அணிக்கும் கோச் யோவாகிம் அலெக்சாண்டர்சன்.

மேலூர்ல வைக்கிற ஃப்ளெக்ஸ்ல சேது எஃப்சி பேர் ஒரு ஓரத்துல இருக்கணும். மதுரை கிளப். 2018-19 இந்திய மகளிர் லீக் சாம்பியன், லூதியானா ஃபைனல்ல மணிப்பூர் போலீஸை 3-1. இது ஜூனியர் அணி வரலாறு இல்லதான், ஆனா படிக்கப் போற பொம்பளப் புள்ளைக்கு பாங்காக்கை விட மதுரைதான் கிட்ட.

---

ரேஸ்கோர்ஸ்_லைன்ஸ்மேன்

"எப்படிப் போறது"க்கு நான் எழுதுறேன். பந்து விளையாட்டைச் சொல்லித்தர கோச் இருக்கார். பையன் வெளிய நிக்கிறது பெரும்பாலும் காகிதத்துலதான்.

முதல்ல பிறந்த தேதி. வயசுக் கணக்கு ஜனவரி 1-ல ஆரம்பிக்கும். 2017 உலகக் கோப்பைக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதுக்குப் பிறகு பிறந்திருக்கணும். 2026-க்கு 2009 ஜனவரி 1. அதனால 2009 ஜனவரியில பிறந்தவனும் டிசம்பர்ல பிறந்தவனும் ஒரே செலக்‌ஷன்ல நிப்பாங்க. பதினாலு, பதினஞ்சு வயசுல பதினோரு மாச வித்தியாசம் தோள்லயும் ஓட்டத்துலயும் அப்பட்டமாத் தெரியும். டிசம்பர் பையனை ஒரு ட்ரயல்ல கழிச்சுட்டா அதோட விட்டுறாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க.

ரெண்டாவது, மணிக்கட்டு எம்ஆர்ஐ. அண்டர்-17 ஆண்கள் போட்டிகள்ல ஃபிஃபா 2009-லேர்ந்து இதைப் பயன்படுத்துது. முன்கை எலும்போட மணிக்கட்டு முனையில ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கு. வயசு ஏற ஏற அது எலும்போட ஒட்டிக்கிட்டே வரும். ஒட்டுன அளவை ஆறு படியாப் பிரிக்கிறாங்க. ஆறாவது படின்னா முழுசா ஒட்டிருச்சு, பையன் பதினேழைத் தாண்டியிருக்கத்தான் வாய்ப்புன்னு வெளிய அனுப்பிருவாங்க. ஒட்டாம இருந்தா வயசு நிரூபணமாச்சுன்னு அர்த்தமில்ல, வெளிய அனுப்பக் காரணம் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்ல, பயப்பட வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு இந்த எலும்பு முன்னாடியே ஒட்டிருங்கிறதால இந்தச் சோதனை பொருந்தாது.

மூணாவதுதான் நம்ம ஊர்ச் சிக்கல். ஸ்கூல்ல சேக்கிறதுக்காக மே, ஜூன்ல ஒரு தேதியைப் போட்டு விடுற பழக்கம் இன்னும் சில வீட்டுல இருக்கு. பிறப்புச் சான்றிதழ்ல ஒண்ணு, டிசி-யில ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. மாவட்ட லெவல்ல யாரும் கவனிக்க மாட்டாங்க. ஏஐஎஃப்எஃப்-ஓட சிஆர்எஸ்ங்கிற பதிவு இணையதளத்துல ஆட்டக்காரனாப் பதியும்போது மாட்டும். (பிறப்புச் சான்றிதழ் எடுக்குற தமிழக அரசு இணையதளத்துக்கும் சிஆர்எஸ்னுதான் பேரு. இது வேற, அது வேற.) பிறப்புச் சான்றிதழை மூலமா வச்சு மத்ததையெல்லாம் அதுக்கு ஏத்தாப்புல திருத்துங்க. தலைகீழாப் பண்ணாதீங்க.

நாலாவது, இனிஷியல். ஆதார்ல "மு. கார்த்திக்", மார்க் ஷீட்ல "கார்த்திக் எம்", பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு "கார்த்திக் முருகன்". வெளிநாட்டுப் போட்டிக்குப் பேர் அனுப்புறப்ப பாஸ்போர்ட்ல இருக்கறதுதான் பேர். எட்டாவது படிக்கும்போதே எல்லாத்துலயும் ஒரே மாதிரி விரிச்சு எழுதி வச்சுட்டா பின்னாடி அலைச்சல் மிச்சம்.

வழின்னு பாத்தா மாவட்ட அணி, அங்கேர்ந்து தமிழ்நாடு சப் ஜூனியர், ஜூனியர் அணி, அப்புறம் தேசிய சாம்பியன்ஷிப். தேசிய அணிக்கு ஆள் தேடுறவங்க வர்றது அங்கதான். பள்ளி வழியாப் போனா டெல்லியில நடக்குற சுப்ரதோ கோப்பை. கிளப் வழியாப் போனா ஏஐஎஃப்எஃப் யூத் லீக். செவன்ஸ் நல்லா ஆடுறவன் பதினொரு பேர் ஆட்டத்துல முழிக்கிறது சகஜம். மைதானம் பெரிசு, ஆஃப்சைடு உண்டு. செலக்‌ஷனுக்கு ரெண்டு மாசம் முன்னாடியாவது முழு மைதானத்துல ஆட விடுங்க.

(2025 டிசம்பர்ல நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ்ல ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை மேட்ச் நடந்துச்சு. ஹாக்கிக்கு முடியும்னா... சரி, அது வேற பஞ்சாயத்து.)

---

மேலூர்_வலதுவிங்

எல்லாருக்கும் நன்றிண்ணே, அக்காவுக்கும். மேட்டர் இப்படி வச்சிருக்கேன், சரியா பாருங்க:

"1974 பாங்காக்: ஆசிய யூத் கூட்டு சாம்பியன் (இந்தியா 2 - ஈரான் 2). 2017: அண்டர்-17 உலகக் கோப்பைக்கு தகுதி, ஜீக்சன் சிங் வரலாற்றுக் கோல், 82-வது நிமிடம். 2018 மலேசியா: அண்டர்-16 கால் இறுதி. 2022: அண்டர்-17 பெண்கள் உலகக் கோப்பை. 2025: ஈரானை 2-1 வென்று அண்டர்-17 ஆசியக் கோப்பைக்குத் தகுதி, பெண்கள் அண்டர்-17, அண்டர்-20 இரண்டும் தகுதி."

சாஃப் அஞ்சும் கீழ தனிக் கட்டம். கோட்டிஃப் "நட்புத் தொடர்"னு ஒரு வரி. சேது எஃப்சி வலது மூலை. காகித விஷயம் நோட்டீஸா அடிச்சுப் பெத்தவங்ககிட்ட குடுத்துர்றோம், ஃப்ளெக்ஸ்ல எடமில்ல.

---

அரசரடி_ஹாஃப்டைம்

2017 வரியில "தகுதி"யை எடுத்துட்டு "போட்டியை நடத்திய நாடு"ன்னு மாத்துங்க. 2022-லயும் அதேதான். 82-க்குப் பக்கத்துலயே "83: கொலம்பியா 2-1"ன்னு போடுங்க, எடமில்லைன்னா எழுத்தைச் சின்னதாக்கிக்கலாம்.

---

வைகை_வடகரை

"நட்புத் தொடர்" வேண்டாம், "அழைப்புத் தொடர்". நட்பு ஆட்டத்துல ரெட் கார்டு வாங்குன பையன் பாத்தா கோவிச்சுக்குவான்.